கதவுக்குள் கிடந்த சில்லுகள்

கார்க் கண்ணாடி மாற்றுவதைப் பற்றி ஒரு பங்குக்குரு எழுதப் புகுவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றுதான் உண்டு. ஆயினும் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், விலையுயர்ந்த கார் ஒன்றின் கதவுக் கண்ணாடி உடைந்த நிகழ்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு இருந்தது. அதை மறைத்துவைக்க முயன்றேன். ஆகவே இன்று வெளிப்படையாக எழுதுகிறேன்.

செங்கோட்டையை அறிந்தவர்களுக்கு ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று சாரலைச் சுமந்து வரும். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. இன்றும் மலைக்கு அப்பாலிருந்து உறவுக்காரரும் சுற்றுலாப் பயணிகளும் ஓயாது வந்துகொண்டிருப்பார்கள். குற்றாலத்தில் அருவி விழும் நாட்களில் புளியரைச் சாலையில் வரும் வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. அருவிக்கு விருந்தினர் வருவதுபோல், அந்நாட்களில் எங்கள் ஆலய வளாகத்துக்குக் குரங்குகளும் வரும். பழைய மறைக்கல்விக் கூடத்தின் ஓடுகளைப் பெயர்ப்பதே அவற்றின் வேலை. ஓடு மாற்றி மாற்றி அலுத்துப்போன நான், பிள்ளைகளிடம் ஒருநாள், "குரங்கு வந்தால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், விரட்டுங்கள்" என்று சொல்லிவைத்தேன். எதைக்கொண்டு விரட்டுவது என்று சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொல்லத்திலிருந்து ஒரு குடும்பத்தார் திருப்பலிக்கு வந்திருந்தனர். எங்கள் பங்கு மக்களுள் ஒருவருக்கு உறவினர். திருப்பலி முடிந்ததும் அவர் வீட்டில் காலை உணவருந்தச் சென்றனர். அவர்களுடைய ஜெர்மன் நாட்டுக் கார் புளியமரத்தடியில் நின்றது. ஓட்டுநர், புனலூர்க்காரர், ஐம்பது வயதைக் கடந்தவர், எதிர்ச்சாரியில் தேநீர் குடிக்கப் போயிருந்தார்.

நான் மாடி அறையில் சன்னலருகே நின்றிருந்தேன். ஓட்டின்மீது ஒரு குரங்கு தாவியது. கீழே ஏழாம் வகுப்புப் படிக்கும் சிறுவன் ஒருவன் உண்டிவில்லை இழுத்து விட்டான். குரங்கு தப்பிவிட்டது. அடுத்த கணம், மண்பானை வெடித்ததைப் போல் ஓர் ஓசை. காரின் இடப்புறப் பின்கதவில் கண்ணாடி இருந்த இடம் வெறும் துளையாகத் தெரிந்தது. சிறுவன் உண்டிவில்லைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினான். நான் கண்டதை வேறு எவரும் காணவில்லை.

ஓசை கேட்டு வந்தவர்கள் ஓட்டின்மீது குரங்குகளைக் கண்டனர். "குரங்கு ஓட்டைத் தூக்கிப் போட்டிருக்கும்" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் அதையே சொன்னார்கள். ஓடு எங்கே என்று எவரும் தேடவில்லை. கார்க்காரர் வந்தார். குரங்கிடம் கோபித்து என்ன பயன்? ஓட்டுநரிடம் கோபித்தார். "வண்டியை விட்டுவிட்டு எங்கே போனாய்? மரத்தடியில் நிறுத்தச் சொன்னது யார்? இதற்கு என்ன செலவாகும் தெரியுமா? உன் சம்பளத்தில் கழித்தால்தான் உனக்குப் புத்தி வரும்" என்று அத்தனை பேர் முன்னிலையில் கூறிவிட்டு, உறவினரின் வண்டியில் குற்றாலம் போய்விட்டார்.

நான் வாய் திறக்கவில்லை. அச்சிறுவனுக்குத் தந்தை இல்லை. தாய் பீடி சுற்றிப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவள். இந்தக் கண்ணாடியின் விலையை அவள் எங்கே கொடுப்பாள்? ஏழையின் பொருட்டு மௌனமாயிருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஓட்டுநரும் ஏழைதான் என்பது அப்போது என் நினைவில் உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், "குரங்கை விரட்டச் சொன்னது சாமிதானே" என்ற பேச்சும் வருமே என்ற அச்சமும் உள்ளூர இருந்தது.

அன்று மாலை ஓட்டுநர் என்னைத் தேடி வந்தார். "அச்சா, குரங்குதான் உடைத்தது என்று ஒரு கடிதம் தந்தால் போதும். முதலாளி அச்சன் வார்த்தையை நம்புவார். இன்ஷூரன்சுக்கும் உதவும்" என்றார். நான் எழுதிக் கொடுத்த வாசகம் இது: "எங்கள் ஆலய வளாகத்தில் குரங்குகளின் தொல்லை மிகுதி என்றும், அவை ஓடுகளைப் பெயர்த்து எறிவது வழக்கம் என்றும் இதன்மூலம் சான்றளிக்கிறேன்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, ஆனால் முழுவதும் பொய்.

குருமடத்தில் அறநெறி இறையியல் வகுப்பில் 'மன ஒதுக்கம்' என்ற ஒன்றைப் படித்திருக்கிறோம். வாயால் பாதியைச் சொல்லி, மறுபாதியை உள்ளத்துக்குள் சொல்லிக்கொண்டு, பொய்யுரைக்கவில்லை என்று அமைதி அடையும் வழி அது. 1679-ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் பதினொன்றாம் இன்னொசென்ட் அதைக் கண்டித்திருக்கிறார். தேர்வில் அக்கேள்விக்கு நன்றாகவே விடை எழுதினேன். வாழ்க்கையில் அதே கேள்வி ஒரு கார்க் கதவின் உருவில் வந்தபோது தோற்றேன்.

மறுநாள் காலை, ஓட்டுநருடன் தென்காசியில் ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறைக்கார பாய் எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமி, நம்ம ஊர்க் கார்னா கண்ணாடியை மதுரையிலிருந்து வரவழைச்சு மாட்டிடுவேன். இதுக்குச் சேஸிஸ் நம்பர் கொடுத்து, கம்பெனியில்தான் வாங்கணும். ஒரே மாதிரிக் காரில்கூட ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி வேற. நான் உள்ளே சுத்தம் பண்ணி, மழை இறங்காமல் மூடித் தர்றேன், திருவனந்தபுரம் கொண்டுபோகட்டும்" என்றார். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எல்லாப் பக்கமும் படம் எடுத்துவைக்கச் சொன்ன பிறகே கதவில் கைவைத்தார்.

காரின் முகப்புக் கண்ணாடி உடைந்தால் விரிசல் விட்டு அப்படியே நிற்கிறது. கதவுக் கண்ணாடி மட்டும் ஏன் கற்கண்டுபோல் உதிர்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னதையும் பிற்பாடு நான் படித்தறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முகப்புக் கண்ணாடி உண்மையில் இரண்டு கண்ணாடிகள். நடுவில் ஒட்டும் தன்மையுள்ள ஒரு பிளாஸ்டிக் ஏடு. 1903-இல் பிரான்சு நாட்டின் எதுவார் பெனடிக்டஸ் என்பவர் கைதவறிக் கீழே போட்ட ஒரு குடுவை, உடைந்தும் சிதறாமல் இருந்ததாம். உள்ளே காய்ந்து படிந்திருந்த ஒரு ரசாயனப் படலமே காரணம். அதிலிருந்து பிறந்தது அந்த உத்தி. அதில் சிறு புள்ளியளவு சேதம் என்றால் பசையை நிரப்பிச் சரிசெய்துவிடலாம்.

கதவுக் கண்ணாடி வேறு வகை. வேண்டிய அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, துளையிட்டு முடித்தபின், அதை 600 பாகைக்கு மேல் சூடேற்றி, குளிர்காற்றைப் பாய்ச்சிச் சட்டென்று ஆற்றுகிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது; உட்பகுதி பின்னர் ஆறும்போது அதை உள்ளே இழுக்கிறது. இந்த இழுபறிதான் அதன் வலிமை. சாதாரணக் கண்ணாடியைக் காட்டிலும் பன்மடங்கு அடி தாங்கும். ஆனால் கூரிய ஒரு பொருள் ஓரிடத்தில் அந்த மேற்பரப்பைத் துளைத்துவிட்டால், அடக்கிவைத்த இழுவிசை முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி முழுவதும் உதிர்ந்துவிடும். கத்திபோன்ற துண்டுகள் பயணிகளைக் குத்தாதிருக்கவும், விபத்தில் உடைத்து வெளியேறவும் இவ்வாறு அமைத்திருக்கிறார்கள். இறுக்கிய கண்ணாடியை அதன்பின் வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. மாற்றுவது ஒன்றே வழி.

விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் வெளியோசை உட்புகாதிருக்கக் கதவுகளுக்கும் ஏடு வைத்த இரட்டைக் கண்ணாடி உண்டு. 1991-இல் வந்த மெர்சிடிஸ் எஸ் வகைக் காரில், இடையே காற்றுவெளி விட்ட இரட்டைக் கண்ணாடியையே கதவுகளில் பொருத்தினார்களாம். நம் விருந்தினர் காரிலோ முன்கதவுகளுக்கு மட்டும் அந்த வகை. பின்கதவுகளுக்கு இறுக்கிய கண்ணாடி. எதை மாட்டினாலும் நம் நாட்டு விதிப்படி பக்கக் கண்ணாடி 50 விழுக்காடும், முன்பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும் ஒளியை உள்ளே விடவேண்டும். கண்ணாடி மாட்டியபின், எதுவரை ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கதவின் மோட்டாருக்குப் பழக்கவும் வேண்டும். இல்லையேல் குழந்தையின் கை இடையில் அகப்பட்டால் தானே இறங்கும் அமைப்பு சரியாக வேலை செய்யாது.

பாய் கதவின் உட்புற அட்டையை, 'டோர் பேட்' என்பார்கள், பதமாகக் கழற்றினார். உள்ளே கதவின் வயிற்றில் ஒரு படி அரிசி அளவுக்குச் சில்லுகள் கிடந்தன. "சாமி, புதுக் கண்ணாடி மாட்டுறது பெரிய வேலை இல்லை. உள்ளே விழுந்ததை எடுக்கிறதுதான் வேலை. அவசரக்காரன் எடுக்காமல் மாட்டிடுவான். வெளியே பார்க்கப் பளபளன்னு இருக்கும். கொஞ்ச நாளில் சில்லு பீடிங்கில் ஏறிப் புதுக் கண்ணாடியில் கோடு போடும். கதவின் அடியில் மழைத்தண்ணி வடியத் துளை இருக்கு. அதை அடைச்சுக்கிட்டா தண்ணி தேங்கித் துருப்பிடிக்கும். கதவைச் சாத்தும்போதெல்லாம் கலகலன்னு சத்தம் வேற" என்றார். ரப்பர் விளிம்புகளை விலக்கி விலக்கி, ஒரு மணி நேரம் வாக்குவம் வைத்து உறிஞ்சினார்.

பிறகு இருக்கையின் இடுக்கில் கைவிட்டவர், எதையோ எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஆற்றுக் கூழாங்கல், நெல்லிக்காய் அளவு.

"சாமி, குரங்கு ஓட்டைத்தானே எறியும்? கூழாங்கல்லைப் பொறுக்கி வச்சு எறியுமா?" என்று மெதுவாகக் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை, மறுபடி வேலையில் குனிந்துகொண்டார். ஓட்டுநர் அப்போது வெளியே நின்றிருந்தார். அந்தக் கல்லை என் பையில் போட்டுக்கொண்டால் எவருக்கும் தெரியாது. பாயும் சொல்லமாட்டார். ஆனால் கதவைச் சாத்தும்போதெல்லாம் சத்தம் கேட்குமே!

வெளியே போய் ஓட்டுநரிடம் என் கடிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிக் கிழித்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெடுநேரம் என்னையே பார்த்துவிட்டு, "அச்சன் நேற்றே அறிந்திருந்தாரா?" என்று மட்டும் கேட்டார்.

பிற்பகல் சிறுவனின் வீட்டுக்குப் போனேன். தாய் பீடித்தட்டை மடியிலிருந்து இறக்கிவைத்து எழுந்தாள். பையன் அழுதுகொண்டே, "நீங்கதானே சாமி விரட்டச் சொன்னீங்க" என்றான். "ஆம், நான்தான். அதனால் நாம் இருவரும் சேர்ந்தே போவோம்" என்றேன். தாயும் உடன் வந்தாள். முந்தானையில் முந்நூறு ரூபாய் முடிந்துகொண்டு வந்தாள்.

குற்றாலம் விடுதியில் கார்க்காரர் முழுவதும் கேட்டார். சிறுவனைக் கடிந்துகொள்ளவில்லை. பணத்தைப் பற்றியும் முதலில் பேசவில்லை. "நேற்று இவரை ஊரார் முன்னிலையில் ஏசினேன். அச்சனுக்குத் தெரிந்திருந்தும் என்னைப் பேசவிட்டீர்கள். அதற்கு யார் பொறுப்பு?" என்றார். என்னிடம் மறுமொழி இல்லை. அவர் எழுந்து ஓட்டுநரின் அருகில் சென்று, அதே அளவு உரத்த குரலில், எங்கள் அனைவர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். பணக்காரர்களைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் சிறிது திருந்தியது. அவருக்குப் பின் நானும் கேட்டேன்.

இன்ஷூரன்ஸ் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினார். கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. ஆகவே முழு மதிப்பும் கிடைத்தது. பெரிய எஞ்சின் உள்ள கார் என்பதால், வண்டிக்காரர் கட்டாயமாக ஏற்க வேண்டிய 2000 ரூபாய் மட்டும் கழிந்தது. அவ்வாண்டுக்குரிய 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையையும் அவர் இழந்தார். அந்த 2000 ரூபாயை நான் கொடுத்தேன். அவருக்கு அது மிகச் சிறிய தொகை; வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டியிருக்கலாம். ஆனால் வாங்கிக்கொண்டார். தாயின் முந்நூறில் நூறை மட்டும் சிறுவன் கையாலேயே வாங்கிக்கொண்டார். அவன் அன்று தலைநிமிர்ந்து வெளியே வந்ததைப் பார்த்தபோது, அவர் வாங்கிக்கொண்டதே நல்லது என்று தோன்றியது.

மூன்று வாரங்களுக்குப்பின், புதுக் கண்ணாடி மாட்டிய காரில் ஓட்டுநர் மட்டும் ஒருமுறை இவ்வழியே வந்தார். கதவைத் திறந்து, ஓங்கிச் சாத்திக் காட்டினார். சத்தம் ஏதும் இல்லை. "சுத்தம், அச்சா" என்று சிரித்தார்.

குடும்பத்தில் பிள்ளைகள் செய்த தவற்றைப் பாசத்தினால் மூடி மறைக்கிற பெற்றோரே, பெரியோரே! உடைந்ததை மாற்றிவிடலாம், அதற்கு விலை உண்டு, கடை உண்டு. உள்ளே விழுந்ததை எடுக்காமல் மேலே புதியதை மாட்டிவிடாதீர்கள். நாம் மூடி மறைக்கும்போது, அந்தப் பழியை வேறொருவர், பெரும்பாலும் நம்மைவிட எளியவர், சுமந்துகொண்டிருப்பார். அந்தக் கூழாங்கல் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. கடிதங்கள் பறக்காமலிருக்க அதைத்தான் வைக்கிறேன். எதையேனும் எழுதிக் கையொப்பமிடுமுன் ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்கிறேன்.