கோணல் தையலில் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. பெண் பிள்ளைகளின் உம்மாமாரும் வீட்டில் தைக்கிற ராத்தாமாரும் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். வாப்பாமார் வாசித்தாலும் நட்டமில்லை.

"நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. மனைப்பொருளியல் படிப்பிக்கிற இரண்டு டீச்சர்மாரும், வீட்டில் தைத்துச் சீவியம் நடத்துகிற ஒரு ராத்தாவும் சேர்ந்து செய்த வேலை இது. அதற்கு முன்னால் ஒரு பிழையும் செய்தோம். அதையும் சேர்ந்துதான் செய்தோம். முதலில் அதையே சொல்லிவிடுகிறோம்.

எங்கள் பிள்ளை ஒன்று. பதின்மூன்று வயது. காலைக் கூட்டத்தில் சீருடை பார்க்கிற நாட்களில் அவளுடைய சட்டை எப்போதும் எங்கள் கண்ணில் படும். வலப்பக்கம் ஏறி, இடப்பக்கம் இறங்கி நிற்கும்.

"என்ன மகள், சட்டை கோணலாக் கிடக்கு? உம்மாட்டச் சொல்லி ஒழுங்காத் தெச்சி உடுத்திட்டு வாங்க."

மூன்று தரம் சொன்னோம். மூன்றாம் தரம் வரிசையை விட்டு வெளியே எடுத்து நிறுத்தினோம். மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த கிழமை அவள் பாடசாலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த கிழமையும் வரவில்லை.

வீட்டுக்குப் போனோம். உம்மா வாசலிலேயே அழுதுவிட்டா. "நான் மூணு தரம் பிரிச்சித் தெச்ச டீச்சர். மடிப்ப ஒரு பக்கம் எறக்கினா மத்தப் பக்கம் ஏறுது. எனக்கு என்ன செய்யிற எண்டு விளங்கல்ல." உள்ளே மெஷினில் அந்தச் சட்டைதான் கிடந்தது. ஓரம் முழுக்கப் பழைய ஊசித் தடம்.

அன்று எங்களோடு வந்த ராத்தா அந்தத் தையலைப் பார்த்தா. பிறகு பிள்ளையைக் கூப்பிட்டுச் சுவரோடு நிற்கச் சொன்னா. தரையிலிருந்து தோள் நுனி வரைக்கும் நாடா பிடித்தா. முதலில் வலம், பிறகு இடம். இரண்டுக்கும் ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம்.

உம்மாவின் தையலில் ஒரு குற்றமும் இல்லை. பிள்ளையின் இடது தோள் இறங்கியிருந்தது. எந்தச் சட்டையும் தோளில்தான் தொங்குகிறது. தோள் இறங்கினால் அந்தப் பக்கத்து ஓரமும் இறங்கும். கீழே எத்தனை தரம் பிரித்துத் தைத்தாலும் மேலே இருக்கிற காரணம் போகாது.

இதை ஏன் ஒருவரும் அதுவரைக்கும் காணவில்லை? இதுதான் எங்களை யோசிக்க வைத்த கேள்வி.

நமது ஊரில் தைக்கக் கொடுக்கிற முறை எல்லோருக்கும் தெரியும். ஆண் தையல்காரரிடம் பெண் பிள்ளையை அளவெடுக்க விடுவதில்லை. அது நமது பண்பாடு, அதில் பிழை இல்லை. அதற்குப் பதிலாக "அளவுச்சட்டை" கொடுத்து விடுகிறோம். பெண்கள் தைக்கிற வீடுகளிலும் பழக்கம் அதுதான். பழைய சட்டை ஒன்று போகும், அதை விரித்து வைத்துப் புதுத்துணியை வெட்டுவார்கள். பெருநாள் நெருக்கத்தில் ஒரு வீட்டில் நாற்பது ஐம்பது துணி குவிந்து கிடக்கும்போது வேறு வழியும் இல்லை.

ஆனால் அளவுச்சட்டை சொல்வது போன வருடத்துச் சட்டையின் கதையை. இந்த வருடத்து உடம்பின் கதை அதற்குத் தெரியாது. போன வருடம் கழுத்து அகன்றிருந்தால் இந்த வருடமும் அகலும். கம்புக்கூட்டில் இறுக்கம் இருந்தால் அதுவும் கூடவே வரும். பிழையைப் பிரதி எடுத்துக்கொண்டே போகிறோம். இன்னொன்று, துணியை இரண்டாக மடித்துத்தான் வெட்டுகிறோம். மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் வரும். மனித உடம்பு அப்படி மடித்து வெட்டியது இல்லை. கொஞ்சமாவது வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு.

கடைச் சட்டை வாங்கினால் சரிவருமா? அதன் கதையும் கேளுங்கள். அளவு போட்ட கடதாசி மாதிரிகளைப் பெரிய அளவில் விற்கத் தொடங்கியவர் அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்கிற தையல்காரர். அது 1863இல். பிறகு 1939, 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் திணைக்களம் ஏறக்குறைய பதினையாயிரம் பெண்களை, ஒவ்வொருவரிலும் 59 அளவுகள் வீதம், அளந்து பார்த்தது. பெண்களுக்கான பொது அளவுகளைத் தீர்மானிக்க நடந்த பெரிய முயற்சி அது. அதிலும் கடைசிக் கணக்குக்கு எடுத்தது வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டும்தான். வாழைச்சேனையில் வளர்கிற பிள்ளையின் தோளை அந்தக் கணக்கில் யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

1992இல் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தொடங்கிய பிறகு நாட்டின் கிராமங்களிலிருந்தெல்லாம் பெண் பிள்ளைகள் தையல் வேலைக்குப் போனார்கள். வெளிநாட்டு அளவுக்கு நாள் முழுக்கத் தைக்கிற கைகள் நம்மிடம் ஏராளம். ஆனால் அங்கே ஒருவர் கொலர் மட்டும் தைப்பார், இன்னொருவர் கை மட்டும் பொருத்துவார். முழுச் சட்டையை ஒரு உடம்புக்கு வரைகிற வேலை அவர்கள் கைக்கு வருவதில்லை.

சீருடைத் துணியின் கதையும் இதுதான். 1993 முதல் அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகத் துணி தருகிறது. அண்மைய வருடங்களில் அதில் பெரும்பகுதி சீனாவின் அன்பளிப்பு. பெரிய உதவி அது, மறுக்கவில்லை. ஆனால் எத்தனை மீற்றர் என்பது வகுப்பைப் பார்த்து வருகிறது, பிள்ளையின் உயரத்தைப் பார்த்து வருவதில்லை. நெட்டையான பிள்ளைக்குத் துண்டு போட்டுத் தைக்கிறோம். ஒரு தரம் பிழையாக வெட்டினால் அந்த உம்மாவுக்கு இரண்டாவது துணி இல்லை.

ஆகவேதான் முதலில் கடதாசியில் வெட்டுவோம் என்று முடிவெடுத்தோம்.

அந்தப் பிள்ளைக்குச் செய்ததை ஒழுங்காகச் சொல்கிறோம். தைக்கத் தெரிந்தவர்களுக்கு உடனே விளங்கும்.

எடுத்த அளவுகள்: மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, பிட்டச் சுற்று, பின் கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை, தோள் அகலம், கை நீளம், சட்டை நீளம். தோள் இறக்கத்தை வலமும் இடமும் தனித்தனியாக எடுத்தோம். மெல்லிய சட்டைக்கு மேலால்தான் அளக்க வேண்டும். நாடாவுக்குள் ஒரு விரல் போய்வர இடம் இருக்க வேண்டும்.

மார்பு 32 அங்குலம் என்று வையுங்கள். நான்கில் ஒரு பங்கு 8. சீருடை என்றால் மூச்சுவிட, ஓட, குனிய, வளர இடம் வேண்டும். ஒவ்வொரு காற்பங்குக்கும் 1 அங்குலம் தளர்வு சேர்த்தோம். அப்போது 9. அதற்கு வெளியே அரை அங்குலம் தையலுக்கு. ஓரத்தில் 3 அங்குலம் மடிப்பு, அடுத்த வருடம் இறக்கிவிடலாம்.

பிறகு முக்கியமான இடம். கடதாசியை மடிக்காமல் முழுதாக விரித்து, வலப்பக்கத்தை ஒரு அளவிலும் இடப்பக்கத்தை இன்னொரு அளவிலும் வரைந்தோம். இடப்பக்கம் தோள் நுனியை ஒன்றேகால் அங்குலம் கீழே இறக்கிக் கோடு போட்டோம். அப்படி விட்டால் கம்புக்கூடு இறுகும். அதனால் கம்புக்கூட்டு வளைவின் அடியையும் அதே ஒன்றேகால் அங்குலம் இறக்கினோம். வளைவின் சுற்றளவு மாறாததால் கை பொருத்துவதில் சிக்கல் வரவில்லை. ஓரக் கோட்டில் கை வைக்கவே இல்லை.

பழைய கட்டில் விரிப்பு ஒன்றில் வெட்டி, நூலோட்டி, பிள்ளைக்கு உடுத்திப் பார்த்தோம். தரையிலிருந்து அடிமட்டம் வைத்து அளந்தோம். சுற்றிவர ஓரம் ஒரே உயரம். உம்மா ஒன்றும் பேசவில்லை. குனிந்து அந்த ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தா.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவு தேவைப்பட்டிருக்காது.

அளவெடுத்த அன்று ராத்தா இன்னொன்றையும் கண்டா. ஒரு பக்கத் தோள்பட்டை எலும்பு கொஞ்சம் புடைத்து நின்றது. இடுப்பின் வளைவும் இரண்டு பக்கமும் ஒரு மாதிரி இல்லை. பிள்ளையைக் குனியச் சொன்னபோது முதுகின் ஒரு பக்கம் மேடாக எழுந்தது. "டீச்சர், இது தையல்ல சரிப்படுத்துற காரியமில்ல. டாக்குத்தர்ட்டக் காட்டோணும்" என்றா.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு உம்மாவும் பிள்ளையும் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வளர்கிற வயதில், அதாவது பத்து வயதுக்குப் பிறகு, இது வெளியே தெரியத் தொடங்கும். வளைவு கூடிக்கொண்டு போகிற அபாயம் பெண் பிள்ளைகளுக்கே அதிகம். பெரும்பாலும் வலி இருக்காது, அதனால் பிள்ளை சொல்லாது. பெரும்பாலானவர்களுக்குக் காரணம் இன்னதென்று பிடிபடுவதில்லை. புத்தகப் பையாலும் வராது, கோணலாக இருந்து எழுதுவதாலும் வராது. கண்ணூறும் இல்லை. யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் நேரத்தோடு கண்டால், எலும்பு வளர்கிற காலத்துக்குள் பட்டி போட்டு வளைவு கூடாமல் பார்க்கலாம். வளர்ச்சி நின்ற பிறகு அந்தப் பட்டியால் பயன் இல்லை.

அந்தக் காலத்துக்குள் கண்டுகொண்டோம், அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை இப்போது கிளினிக் போய் வருகிறாள். பட்டி உடுக்கிறாள். பட்டிக்கு மேலால் உடுக்க மாதிரியைத் திரும்ப வரைந்தோம். சுற்றளவு கூடியது, தோள் கோடும் கொஞ்சம் மாறியது. இனிமேலும் மாறும். மாற மாறத் திரும்ப வரைவோம்.

அவள் பாடசாலைக்கு வந்த முதல் நாள் நாங்கள் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். எந்த வரிசையிலிருந்து வெளியே எடுத்தோமோ அதே வரிசைக்கு முன்னால் கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் அவளுடைய பதில். அதற்கு மேல் எதிர்பார்க்க எங்களுக்கு உரிமையும் இல்லை.

அவளிடமும் உம்மாவிடமும் கேட்டுத்தான் இதை எழுதுகிறோம். யார் வீட்டுப் பிள்ளை என்று தேட வேண்டாம்.

இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடதாசி மாதிரி வரையப் பழக்குகிறோம். ஒரு சட்டம் வைத்திருக்கிறோம்: அளவை வாயால் சொல்லக்கூடாது. அளந்தவர் எழுத வேண்டும், கொப்பியை மூடிக் கொடுக்க வேண்டும். ஒருத்தியின் இடுப்பளவு இன்னொருத்திக்குப் பகிடி ஆகக்கூடாது. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்கிறவர்களைப் பற்றிக் குர்ஆனில் ஒரு சூறாவே இருப்பதை நாம் கடைக்காரருக்கு மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாடா பிடிக்கிறவர் கையிலும் ஒரு அமானிதம் இருக்கிறது.

கடதாசிக்குத்தான் கஷ்டம். வைக்கோலில் கடதாசி செய்த ஆலை இருக்கிற ஊரில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே பிற்போட்டார்கள். அதே வருடம் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளில் நமது ராத்தாமார் மிதி மெஷினில் தைத்தார்கள். கையில் இருப்பதை வைத்து வேலை செய்ய நமக்குத் தெரியும். பழைய கலண்டர், பத்திரிகை, கொப்பி உறை போட்டு மிஞ்சிய பிறவுன் பேப்பர், எல்லாம் உதவும். கணினி இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஃபிரீசூயிங் என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. அளவுகளைக் கொடுத்தால் மாதிரியை அதுவே வரைந்து தரும். ஏ4 தாள்களில் அச்செடுத்து ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் பிள்ளையின் தோள் இறங்கியிருப்பதை அது தானாகக் காணாது. நாடா பிடிக்கிற கைதான் காண வேண்டும்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள்.

உம்மாமாரே, சீருடைத் துணி கைக்கு வந்ததும் வெட்டக் கொடுக்காதீர்கள். முதலில் பிள்ளையைச் சுவரோடு நிறுத்தி இரண்டு தோளையும் பாருங்கள். பிறகு குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. வித்தியாசம் தெரிந்தால் பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். "பெண் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசணும்" என்று மூடி வைத்தால் பட்டி போடுகிற காலம் கடந்துவிடும்.

தைக்கிற ராத்தாமாரே, அளவுச்சட்டை வந்தாலும் பிள்ளையையும் ஒரு தரம் வரச் சொல்லுங்கள். ஓரம் கோணலாக வந்தால் மடிப்பைப் பிரிக்க முதல் தோளைப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குத் தெரிவது எங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அது நிரூபணமாகிவிட்டது.

நமது ஆசிரியர்களே, சட்டை கோணலாக இருக்கிற பிள்ளையை வரிசையை விட்டு வெளியே எடுக்க முதல், தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

பழைய கலண்டர் இருப்பவர்கள் பிள்ளைகளிடம் கொடுத்து விடுங்கள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் போதும்.