சாரலில் ஒரு பழைய புல்லட்

ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல்! தென்காசிக் கோபுரவாசல் காற்றை வாங்கிக்கொண்டு 5 கிலோமீட்டர் போனால் அருவி. உங்கள் வீட்டுக்காரர் தம் பழைய புல்லட்டில் அழைத்தால் தாராளமாக ஏறிக்கொள்ளுங்கள்.

குளித்த கையோடு செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறும்போதுதான் வண்டி திணறும். உடனே, "புதுப் பிஸ்டன், பெரிய கார்புரேட்டர்" என்று பட்டியல் நீட்டுவார். பர்ஸைத் திறந்துவிடாதீர்கள்! 1955-ல் சென்னையில் பிறந்த என்ஃபீல்டு இந்தியாவின் 350 ஸி.ஸி. இஞ்சின் லேசுப்பட்டதல்ல, அதன் பலத்தைத் தின்பவை பெரும்பாலும் கரியும் அழுக்கும்தான். சிலிண்டர் ஹெட்டில் படிந்த கரியைச் சுரண்டி, கார்புரேட்டரைக் கழுவி, பாயிண்ட்டையும் டாப்பெட்டையும் சரிசெய்தாலே பாதி இளமை திரும்பிவிடும்; செலவும் சொற்பம்.

மிச்சப் பணத்தில் பிரேக் ஷூவை மாற்றச் சொல்லுங்கள். ஈர மலைப்பாதையில் ஓடுவதைவிட நிற்பதல்லவா முக்கியம்? பின் ஸீட்டில் இருப்பது நீங்கள்!