வேகத்தின் ஊரில் ஒரு மெதுவான பந்து

டல்லாஸிலிருந்து ஐ-35 நெடுஞ்சாலையில் வடக்கே போனால், மூன்று அல்லது மூன்றரை மணி நேரத்தில் ஓக்லஹோமா சிட்டி வந்துவிடும். வழியில் ரெட் ரிவர் பாலத்தைத் தாண்டியதும் டெக்ஸாஸ் முடிந்து ஓக்லஹோமா மாநிலம் தொடங்குகிறது. சாலையோர மண்ணைப் பார்த்தால் நம்மூர்ச் செம்மண் நினைவுக்கு வரும். 'ஓக்லஹோமா' என்ற பெயரே சாக்டா பழங்குடியினரின் மொழியில் 'சிவந்த மக்கள்' என்று பொருள்படும் இரண்டு சொற்களிலிருந்து பிறந்ததுதான். எங்கு பார்த்தாலும் சமவெளி. தடுக்க ஆளில்லாத காற்று, காரையே ஒரு பக்கமாகத் தள்ளிப் பார்க்கிறது.

அமெரிக்கா போகும் நம்மவர்களின் பட்டியலில் இந்த ஊர் பெரும்பாலும் இருக்காது. இங்கே நயாகராவும் இல்லை, டிஸ்னிலேண்டும் இல்லை. ஆனால், அமெரிக்காவில் சாஃப்ட்பால் ஆடும் ஒரு சிறுமியிடம் 'உன் கனவு ஊர் எது?' என்று கேட்டுப் பாருங்கள். நியூயார்க்கை அல்ல, ஓக்லஹோமா சிட்டியைத்தான் சொல்வாள்.

சிறுமிகளின் கனவு மைதானம்

நகரின் வடகிழக்கே, உயிரியல் பூங்காவுக்கு அருகில் இருக்கிறது டெவன் பார்க். 1987-ல் திறக்கப்பட்ட மைதானம். இந்தப் பெயர் 2024-ல் வந்தது. சுமார் 13,000 பேர் உட்காரலாம். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளின் 'வேர்ல்டு சீரிஸ்', 1990 முதல் ஓரிரு ஆண்டுகள் தவிர, இங்கேதான் நடக்கிறது. மே கடைசியில் எட்டு அணிகள் வந்து இறங்கும். ஜூன் முதல் வாரத்தில் ஒரு அணி கோப்பையோடு ஊர் திரும்பும்.

அரை மணி நேர தூரத்தில் உள்ள நார்மன் ஊரின் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணி, 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை அந்தக் கோப்பையை வென்றது. ஊருக்கே அந்தப் பெருமை இருக்கிறது. 2028-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடக்கும்போது, சாஃப்ட்பால் ஆட்டங்கள் சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளி இந்த மைதானத்துக்கு வரப்போகின்றன.

சாஃப்ட்பால் பிறந்தது என்னவோ சிகாகோவில். 1887-ல் ஒரு படகு கிளப்புக்குள், சுருட்டிக் கட்டிய குத்துச்சண்டைக் கையுறையைப் பந்தாகவும் துடைப்பக் கட்டையை மட்டையாகவும் வைத்து விளையாட்டாகத் தொடங்கியது. பேஸ்பாலின் தங்கை என்று சொல்லலாம். பெயரில்தான் 'சாஃப்ட்'. பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, எடையும் கூடுதல், கையில் பட்டால் வலி உயிர் போகும்.

பந்தை வீசுபவர் பிட்சர். கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய், காற்றாலை இறக்கை போல ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடுவார். கீழிருந்து வரும் பந்துதானே என்று நினைத்துவிட வேண்டாம். மோனிகா அபட் என்ற வீராங்கனை 2012-ல் வீசிய பந்து மணிக்கு 77 மைல், அதாவது சுமார் 124 கிலோமீட்டர் வேகம். அது கின்னஸ் சாதனையானது.

பக்கெட்டும் ரேடார் கன்னும்

டெவன் பார்க்கில் பெரிய ஆட்டம் மாலையில்தான். பகலில் என்ன செய்வது என்று கேட்டால், உள்ளூர்க்காரர்கள் ஏதாவது ஒரு பொதுப் பூங்காவைக் கை காட்டுவார்கள். சனி, ஞாயிறுகளில் அங்கேயெல்லாம் சிறுமிகள் ஆட்டம்தான். நான் போனது ஊரின் வடக்கு ஓரத்தில் இருந்த ஒரு பூங்காவுக்கு. வேலியை ஒட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, வரிசையாக அப்பாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கெட்டின் மேல் குஷன்கூட வைத்திருந்தார்கள். கையில் கேட்சிங் கிளவுஸ். எதிரே அவரவர் மகள் பந்து வீசிக்கொண்டிருந்தாள். இவர்களுக்கு 'பக்கெட் டாட்' என்றே பெயர். அலுவலகம் விட்டு வந்ததும், இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஆண்டு முழுக்க இதே வேலை.

இன்னொரு பொருளையும் அங்கே அடிக்கடி பார்க்கலாம். ரேடார் கன். போக்குவரத்து போலீஸார் வண்டியின் வேகத்தைப் பிடிக்க வைத்திருப்பார்களே, அதே மாதிரிக் கருவி. ஒவ்வொரு பந்துக்கும் ஒரு எண் வரும். 48, 49, 51... எண் ஏறினால் அப்பா முகம் மலரும், மகள் முகமும் மலரும். 'உங்க பொண்ணு எவ்வளவு வேகம்?' என்பதுதான் அங்கே பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி. நம்மூரில் 'எத்தனை மார்க்?' என்று கேட்கிறோமே, அது மாதிரி.

இப்படி எண்ணைப் பார்த்தே வளரும் பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம், 'இனி மெதுவாக ஒரு பந்து வீசக் கற்றுக்கொள்' என்றால் எப்படி இருக்கும்? அன்று காலை அந்தப் பூங்காவில் நான் பார்த்தது அந்தப் பாடத்தைத்தான்.

மெதுவான பந்து எதற்கு?

அந்தப் பந்துக்கு 'சேஞ்ச்-அப்' என்று பெயர். ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு எளிதாகப் புரியும். சென்னை அணிக்காக பிராவோ வீசினாரே, அந்த ஸ்லோயர் பாலின் சகோதரி இது.

ஒரு சின்னக் கணக்கு. கல்லூரி ஆட்டத்தில் பிட்சருக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி. பிட்சர் பாய்ந்து வந்து விடுவதால், பந்து பயணிக்கும் தூரம் சுமார் 11 மீட்டர்தான். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, 0.4 நொடிக்குள் பேட்டரிடம் வந்துவிடும். கிரிக்கெட்டில் 145 கிலோமீட்டர் வேகப்பந்துக்குக் கிடைக்கும் நேரத்தைவிட இது குறைவு. பந்தைப் பார்த்து, யோசித்து, அடிக்க நேரமே இல்லை. பிட்சரின் கையைப் பார்த்துத்தான் மட்டையைச் சுழற்ற முடிவெடுக்க வேண்டும்.

அதே கை, அதே சுழற்சி. ஆனால் பந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், வந்து சேர அரை நொடி ஆகும். வித்தியாசம் ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அதற்குள் மட்டை முழுதாகச் சுற்றி முடிந்திருக்கும். பந்து அப்போதுதான் வந்துகொண்டிருக்கும்.

'கை அதே வேகத்தில்' என்பதுதான் இதில் உயிர்நாடி. பந்தை மெதுவாக்கு என்றதும், குழந்தைகள் கையை மெதுவாக்கிவிடுவார்கள். அதை எதிரணிச் சிறுமி உடனே கண்டுபிடித்துவிடுவாள். கை முழு வேகத்தில் சுற்ற வேண்டும். பந்து மட்டும் பின்தங்க வேண்டும். குழந்தையின் உடம்பு இதை லேசில் ஒப்புக்கொள்வதில்லை.

பாடம் நடக்கும் விதம்

அங்கே கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒரு பெண் பயிற்சியாளர். கல்லூரி நாட்களில் அவரும் பிட்சர். 'இந்த வயசுக்கு வேகப்பந்து ஒண்ணு, சேஞ்ச்-அப் ஒண்ணு. ரெண்டும் போதும். வளைக்கிறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றார்.

முதலில் பிடி. வேகப்பந்தை விரல் நுனிகளால் பிடிப்பார்கள். கடைசி நொடியில் விரல்கள் கொடுக்கும் சுண்டல்தான் வேகம். சேஞ்ச்-அப்பில் பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகத் தள்ளிப் பிடிக்கிறார்கள். விரல்களுக்கு வேலை குறைந்துவிடுகிறது. இன்னொரு முறையில் பந்தை விடும்போது உள்ளங்கைக்குப் பதிலாகப் புறங்கை முன்னே வரும். அந்தச் சிறுமி இரண்டையும் வீசிப் பார்த்து, புறங்கை முறையைத் தேர்ந்தெடுத்தாள். 'யார் கைக்கு எது வசமோ அதுதான் சரி' என்றார் பயிற்சியாளர்.

பிறகு, வலைக்கு மூன்று மீட்டர் தூரத்தில் நின்று பந்தை விடுவதை மட்டும் பழக வேண்டும். கையைச் சுற்றவே கூடாது. இருபது, முப்பது முறை விட்ட பிறகுதான் முழுச் சுற்று. அப்போதும் எதிரே கேட்சர் கிடையாது, வலை மட்டும்தான். பந்து எங்கே போனாலும் கவலையில்லை. 'இப்போ குறி வேண்டாம். கை வேகம் குறையாம இருக்கா, அது மட்டும் பாரு' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் பத்துப் பந்தில் நான்கு வலைக்கு மேலே பறந்தன. சிறுமி ஓடிப்போய்ப் பொறுக்கி வந்தாள்.

அடுத்து உயரம். சேஞ்ச்-அப் முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும். மெதுவான பந்து மார்பு உயரத்தில் மிதந்து வந்தால், எதிரணிக்கு அது தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த சீர்வரிசை. அதனால், 'தப்பானாலும் கீழே தப்பாகட்டும், தரையில விழட்டும்' என்பது விதி. பந்தை விட்ட பிறகு கையை மேலே தூக்காமல், தாழ்வாகவே முடிக்கச் சொன்னார்.

கடைசியாக ஒரு விளையாட்டு. அணியின் மற்ற பிள்ளைகளை பேட்டர் இடத்தில் நிற்க வைத்தார். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே 'ஃபாஸ்ட்' அல்லது 'ஸ்லோ' என்று கத்த வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். எப்படி? சேஞ்ச்-அப் வீசும் முன் அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கிளவுஸுக்குள் பிடியை மாற்ற, பந்தை இரண்டு முறை உருட்டினாள். அடி எடுத்து வைக்கும் தூரமும் சுருங்கியது. ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். எந்தப் பந்தானாலும் முதலில் சேஞ்ச்-அப் பிடியிலேயே தொடங்கு, வேகப்பந்து வேண்டுமென்றால் அங்கிருந்து மாற்று என்பது ஒரு நல்ல உபாயம். அரை மணி நேரத்தில் 'ஃபாஸ்ட்' என்று கத்தியவர்கள் அசடு வழிய ஆரம்பித்தார்கள்.

பக்கெட்டில் உட்கார்ந்திருந்த அப்பா, ரேடார் கன்னைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். பயிற்சியாளர்தான் அப்படிச் செய்யச் சொன்னாராம். 'எண்ணைப் பார்த்தா குழந்தை வேகத்துக்குத்தான் போவா' என்றார் அந்த அப்பா என்னிடம்.

மதிய ஆட்டம்

அன்று மதியமே அவர்கள் அணிக்கு ஓர் ஆட்டம் இருந்தது. மூன்றாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் பேஸில் நிற்க, பயிற்சியாளர் சேஞ்ச்-அப்புக்குச் சைகை காட்டினார். சிறுமியின் கை பாதியில் தயங்கியது, பந்து மேலே மிதந்தது. எதிரணிச் சிறுமி காத்திருந்து அடித்தாள். பந்து வேலிவரை ஓட, இரண்டு ரன்.

பயிற்சியாளர் நடுவட்டத்துக்கு நடந்து போனார். பத்து நொடிதான் பேசினார். என்ன சொன்னீர்கள் என்று பிறகு கேட்டேன். 'கை நின்னுடுச்சு, அவ்வளவுதான். பந்து மேல தப்பு இல்லை. மறுபடியும் கேட்பேன்னு சொன்னேன்.'

சொன்னபடியே கேட்டார், ஆனால் அடுத்து வந்தவளிடம் இல்லை. அவள் வேகப்பந்துக்கே தாமதமாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மெதுவான பந்து போட்டால் நாமே உதவி செய்த மாதிரி. அதற்கும் அடுத்தவள் வேகப்பந்தை முன்கூட்டியே அடித்து, இடது பக்கம் ஃபவுலாக விளாசினாள். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு பால் போனால் அவள் நடந்தே பேஸுக்குப் போய்விடுவாள். அப்போது வந்தது சைகை.

வேலிக்கு வெளியே அப்பா குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கை முழுச் சுற்றுச் சுற்றியது. எதிரே மட்டையும் முழுதாகச் சுற்றி முடிந்தது. அதன் பிறகுதான் பந்து வந்து, முழங்காலுக்குக் கீழே இறங்கி, கேட்சரின் கிளவுஸுக்குள் உட்கார்ந்தது. ஸ்ட்ரைக் மூன்று. சிறுமி சிரிக்கவில்லை. கேட்சர் திருப்பி எறிந்த பந்தை வாங்கிக்கொண்டு, அடுத்தவளுக்குத் தயாரானாள்.

அவர்கள் அணி அந்த ஆட்டத்தில் தோற்றது. ஆனால் ஏழெட்டு சேஞ்ச்-அப் வீசிவிட்டாள். அடி வாங்கிய பிறகும் அதே பந்தை மறுபடி வீசினாள் என்பதே பயிற்சியாளருக்குப் போதுமானதாக இருந்தது. குழந்தையை அவசரப்படுத்தும் பெரியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறோம். மெதுவான ஒன்றை முழு மனதோடு செய்ய அவளைப் பழக்க, ஓர் எண்ணைப் பைக்குள் மறைத்துவைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

போகிறவர்களுக்கு

மே கடைசி வாரம் போனால் வேர்ல்டு சீரிஸ் பார்க்கலாம். அது இடி மழைக் காலமும்கூட. ஆட்டம் மணிக்கணக்கில் தள்ளிப்போகலாம் என்பதால் பயணத்தில் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்துக்கு அருகிலேயே உயிரியல் பூங்காவும் அறிவியல் அருங்காட்சியகமும் இருப்பதால் குழந்தைகளுக்குப் பகல் பொழுது போய்விடும். மேற்கே அரை மணி நேரத்தில் எல் ரெனோ என்ற ஊர். அங்கே வெங்காயத்தை இறைச்சியோடு சேர்த்து அழுத்திப் பொரிக்கும் பர்கர் பிரபலம்.

முடிந்தால் ஒரு சனிக்கிழமைக் காலையை ஏதாவது ஒரு பூங்காவுக்கு ஒதுக்குங்கள். டிக்கெட் வேண்டாம். வேலியோரம் பக்கெட் வரிசை தெரிந்தால் அங்கே போய் நில்லுங்கள், போதும்.