எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு காலை

சென்னைக்காரர்களுக்குக் கடற்கரை என்றால் மெரினா, பெசன்ட் நகர். கொஞ்சம் நேரமும் காசும் இருந்தால் மகாபலிபுரம். 'வடக்கே போகலாமா?' என்று கேட்டுப் பாருங்கள். 'அங்கே லாரியைத் தவிர என்ன இருக்கு?' என்பார்கள். லாரி இருப்பது நிஜம்தான். ஆனால், ஒரு காலத்தில் வெள்ளைக்கார துரைமார்கள் ஓய்வெடுக்கத் தேடிப்போன ஊர் எண்ணூர் என்றால் நம்புவீர்களா?

விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது. கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் எண்ணூரிலேயே இறங்கலாம். ஸ்டேஷனில் 'முகத்துவாரம்' என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர்களுக்குத் தெரியும். விடிந்தவுடன் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் தூசியும் பாடாய்ப் படுத்தும்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் இது. பக்கிங்காம் கால்வாயும் இங்கேதான் வந்து கலக்கிறது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு, நடுவே மணல்திட்டு. கரையோரம் அலையாத்திச் செடிகள். நிமிர்ந்து பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். குளிர்காலமென்றால் பறவைகளும் கண்ணில் படும்.

எனக்கு அங்கே பிடித்த காட்சி கையால் இறால் பிடிப்பது. இருளர் மக்கள் ஆற்றில் இறங்கி, சேற்றைக் கைகளால் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்கிறார்கள். சேற்றுக்குள் விரல் நுனியாலேயே இறாலைக் கண்டுபிடிக்க எத்தனை வருஷப் பழக்கம் வேண்டும்!

அந்தச் சேறுதான் இப்போது பிரச்னை. கரையில் சில இடங்களில் மண்ணைக் கையில் எடுத்தால் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருக்கும். குழாய்களில் கொண்டுபோகும் அனல்மின் நிலையச் சாம்பல், வருஷக்கணக்காகக் கசிந்து படிந்தது. படகு போன ஆழத்தில் இன்று முழங்கால் தண்ணீர்தான் என்கிறார்கள் மீனவர்கள். இதில் எண்ணெய் வேறு. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயைக் கரையில் வாளி வாளியாக அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் இந்த முகத்துவாரம் முழுக்கப் பரவியது. கூழைக்கடாக்கள் கறுத்த இறகோடு நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

'அது அவர்கள் பாடு' என்று நாம் இருந்துவிட முடியாது. பூண்டி ஏரி நிரம்பித் திறந்துவிடும் தண்ணீர் இந்த ஆற்றில்தான் வருகிறது. வாய் தூர்ந்துபோனால் அது கடலுக்குள் போகாமல் மணலி, எண்ணூர் வீடுகளுக்குள்தான் போகும்.

கலிபோர்னியா போன்ற இடங்களில் கடலோரப் பூங்காவில் கூடாரம் போட முன்பதிவு செய்யலாம். தண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு. இங்கே அதையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இரவு தங்க நினைக்க வேண்டாம், காலை டிபனைக் கையோடு எடுத்துப் போங்கள். குழந்தைகளைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஆறும் கடலும் சேரும் இடத்தில் இழுப்பு பலமாக இருக்கும். வலை காயும் இடத்தை மிதிக்காமல் சுற்றிப் போங்கள். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே 'எடுத்துக்கப்பா' என்பார்கள்.

திரும்பும்போது திருவொற்றியூரில் இறங்கினால் தியாகராஜர் கோயிலும், கடற்கரையோரம் பட்டினத்தார் சமாதியும் இருக்கின்றன. கோயில் மதியம் நடை சாத்திவிடும் என்பதால் பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது.