அம்மா உட்காரும் பக்கம்

அதிகாலை நாலரை மணிக்கு எங்கள் பூச்சோங் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டே பேர்தான் இருப்போம். காலை நிகழ்ச்சிக்குக் கிளம்பும் நான், இன்னொருவர் காவலாளி. அன்று அவர்தான் முதலில் பார்த்தார். என் காரின் முன் இடது பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது. டயரில் காற்றில்லையோ என்று குனிந்து பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. காரைக் கிளப்பிக் காத்திருந்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிற என் அம்மாவைப் போல மெல்ல எழுந்து நின்றது.

அம்மாவுக்காக வாங்கிய கார்தான் அது. பன்னிரண்டு வருடப் பழைய ஐரோப்பிய வண்டி. "கண்டினென்டல் கார வாங்கறது ஈசிக்கா, வச்சிருக்கறதுதான் கஷ்டம்" என்று தம்பி அப்போதே சொன்னான். நான் கேட்கவில்லை. மூட்டுவலியோடு கிள்ளானிலிருந்து மருத்துவமனைக்கு வருகிறவர், ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் "முருகா" என்று முனகாமல் வரட்டுமே என்று நினைத்தேன்.

இந்த வகைக் கார்களில் சக்கரத்துக்கு மேலே இரும்புச் சுருளுக்குப் பதிலாகக் காற்றடைத்த ரப்பர் பை இருக்கும். ஒரு கம்ப்ரெசர் காற்றை அழுத்தித் தரும். வால்வ் பிளாக் அதை எந்தச் சக்கரத்துக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும். வண்டி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று சென்சார்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். இவற்றில் எது கெட்டாலும் பெரும்பாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: வண்டி உட்கார்ந்துவிடும்.

முதல் பட்டறையில் இரண்டு நிமிடம் பார்த்தார்கள். "ஸ்ட்ரட் போச்சு." 3,400 ரிங்கிட். விளக்கத்தை என்னிடம் சொல்லாமல் என் கணவருக்குப் போன் போட்டுச் சொன்னார்கள். அவருக்குக் காருக்குப் பெட்ரோல் ஊற்றத் தெரியும், அவ்வளவுதான். மாற்றினோம். பத்து நாள் நிமிர்ந்து நின்றது. பதினோராம் நாள் மறுபடியும் உட்கார்ந்தது. அடுத்த மாதம் கிளப்பினாலும் எழவில்லை. இரண்டாவது பட்டறை, புதுக் கம்ப்ரெசர், 1,850 ரிங்கிட். எழுந்தது. மறுநாள் விடியற்காலையில் பழையபடி அதே இடது பக்கம். "வலது ஸ்ட்ரட்டும் வால்வ் பிளாக்கும் சேர்த்து மாத்திடுங்க, 5,200 ஆகும்" என்றார்கள்.

அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்து வைத்திருந்த பணத்தில்தான் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

எங்கள் நிலையத்து ஒலிப்பொறியாளர்தான் கிள்ளானில் இருக்கும் ஒரு போர்மனிடம் அனுப்பினார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். காரைத் தொடவே இல்லை, கேள்விதான் கேட்டார்.

"ஒரு மூலை மட்டும் எறங்குதா, நாலுமா? ஒரு மணி நேரத்துலயா, ராத்திரி பூராவா? கம்ப்ரெசர் சத்தம் எவ்ளோ நேரம் கேக்குது?"

கடைசிக் கேள்விக்கு எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒலியை வைத்துச் சம்பாதிக்கிறவள் நான். ஸ்டுடியோவில் ஒரு மைக் லேசாக இரைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். காருக்கடியில் பல வாரங்களாகக் 'கொர்ர்ர்' என்று ஓயாமல் ஓடிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, வானொலியைத்தான் சத்தமாக வைத்திருக்கிறேன்.

"கேக்குது அங்கிள். ரொம்ப நேரம் ஓடுது."

"அப்ப காத்து எங்கயோ போவுது. அத அடைக்காம புதுக் கம்ப்ரெசர் போட்டா, அதுவும் ஓடி ஓடிச் செத்துப்போவும்மா."

ஸ்கேன் கருவியைப் பொருத்தினார். குறித்த நேரத்துக்குள் அழுத்தம் ஏறவில்லை என்று காட்டியது. "இது பொகார் மட்டும்தான். எவன் மேல பொகார்னு சொல்லாது" என்று சிரித்தார். ஒரு ஃபியூஸைக் கழற்றி என் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். சில கார்கள் நிறுத்திய பிறகும் தாமாகவே உயரத்தைச் சரிசெய்துகொள்ளுமாம். ஒரு மூலை இறங்கினால் மற்ற மூலைகளையும் அதற்கேற்ப இறக்கிவிடுமாம். அப்புறம் குற்றவாளியைக் கண்டுபிடிக்க முடியாது.

சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் இரவில் அளந்தேன், விடியற்காலையில் மறுபடி அளந்தேன். காவலாளி டார்ச் பிடித்தார். இடது முன்பக்கம் 38 சென்டிமீட்டரிலிருந்து 31. மற்ற மூன்றும் அரை சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை.

நோட்டைப் பார்த்ததும் அங்கிள் தலையாட்டினார். "அப்ப இந்தப் பை, இந்தக் குழாய், இல்ல வால்வ் பிளாக்ல இந்தக் குழாய் சேர்ற எடம். வேற எதையும் பாக்க வேணாம்." காரைத் தூக்கி இரும்புத் தாங்கிகளை வைத்த பிறகுதான் யாரையும் கிட்டே விட்டார். காற்று இறங்கினால் வண்டி ஆள் மேலேயே உட்கார்ந்துவிடும். பிறகு எடுத்தது ஒரு ஸ்பிரே போத்தல். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீர். பையின் மடிப்புகளில் அடித்தார்: ஒன்றுமில்லை. குழாய் நெடுக அடித்தார்: ஒன்றுமில்லை. வால்வ் பிளாக்கில் குழாய் நுழையும் இடத்தில் அடித்ததும் மீன் முட்டை போலக் குமிழிகள், ஒன்றன்மேல் ஒன்றாக.

குழாயின் நுனி தேய்ந்திருந்தது. முதல் பட்டறையில் வேலை செய்தபோது அது அசைந்து கொஞ்ச நாள் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும், அந்தப் பத்து நாள் கணக்கு அதுதான் என்றார். நுனியை ஒரு சென்டிமீட்டர் நேராக வெட்டி, புது ஃபிட்டிங் போட்டார். பொருளுக்கு 45, கூலி 80. நூற்றிருபத்தைந்து ரிங்கிட்டை எண்ணிக் கொடுக்கும்போது எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

கழற்றிய பழைய ஸ்ட்ரட் பூட்டிலேயே கிடந்தது. அதற்கும் கொஞ்சமாகக் காற்று ஏற்றி ஒரு தண்ணீர் வாளியில் அமிழ்த்திப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. "இது நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் அதிகாலை அளந்தேன். 38. காவலாளி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

போன வாரம் அம்மாவை ஏற்றிக்கொள்ளப் போனேன். கதவைப் பிடித்துக்கொண்டு காரை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "என்னடி, இன்னிக்கு இது குந்திக்கலயா?" என்றார். வழியில், எவ்வளவு செலவானது என்று கேட்டார். நூற்றிருபத்தைந்து என்றேன்.