கயிறு பிடிக்கும் ஆள்

தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். குளியாளி கல்லோடு கடலுக்குள் இறங்க, மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் இல்லாமல், எவ்வளவு மூச்சடக்கத் தெரிந்தவரும் இறங்க மாட்டார்.

கம்ப்யூட்டரிலும் அப்படித்தான். திரேஸ்புரத்தில் ஒரு அம்மா. இளைய மகனுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. கப்பல் கரையணைந்தால்தான் வீடியோ கால். அன்று மகன் முகம் தெரிந்தது, குரல் கேட்கவில்லை. ஸ்பீக்கர் போச்சு என்றார்கள். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி வந்து 'சர்வீசஸ்' பகுதியைத் திறந்தாள். 'விண்டோஸ் ஆடியோ' நின்றிருந்தது. 'ஸ்டார்ட்' கொடுத்தால் பிழை எண் 1068.

"ஆடியோ மேல தப்பில்ல பெரியம்மா. அதுக்குக் கயிறு பிடிக்கிற ஆளு வரல."

'டிபென்டென்சீஸ்' பக்கத்தைப் பார்த்தாள். ஆடியோ நம்பியிருக்கும் 'ஆடியோ எண்ட்பாயின்ட் பில்டர்' முடக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் வேகமாகும் என்று யாரோ சொல்ல, மூத்தவன் அணைத்துவைத்தது. அதை 'ஆட்டோமேட்டிக்' என மாற்றி, முதலில் அதையும் பிறகு ஆடியோவையும் கிளப்பினாள்.

"எம்மா, சாப்ட்டியா?" குரல் வந்துவிட்டது.

ஒரு சர்வீஸ் கிளம்பவில்லையா? அது எதை நம்பியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். பெயர் புரியாத எதையும் வேகத்துக்காக அணைக்காதீர்கள். யாருக்கான கயிறு அதன் கையில் இருக்கிறதோ!