லீவு பாட்டு

எங்கள் ஊரில் 'லீவு' என்ற சொல்லை யாரும் சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "ஆபீஸ் லீவாம்" என்று ஒருத்தர் தெருவில் சொல்லிக்கொண்டு போனால், "எத்தன நாளைக்காம்?" என்றுதான் அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து கேள்வி வரும். ஏழாயிரம்பண்ணையில் ஆபீஸ் என்றால் பட்டாசு ஆபீஸ், இல்லாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். தீபாவளி முடிந்ததும் சில நாள் மூடுவது வழக்கம்தான். ஆனால் 2018 அக்டோபர் 23 அன்று பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தத் தீபாவளிக்குப் பிறகு மூடிய ஆபீஸ்கள் பெரும்பாலும் திறக்க அடுத்த மார்ச் ஆகிவிட்டது. அம்மா சக்கரம் சுற்றுகிறவள். அந்த மாதங்களில் சனிக்கிழமைகள் வந்தன, சம்பளம் வரவில்லை. கம்மல் அடகுக்குப் போனது.

அதனால் 2021இல் ஒரு பாட்டின் தலைப்பைப் பார்த்தபோது எனக்கு லேசாக எரிச்சல் வந்தது. 'ஐ'ம் ஆன் ஹாலிடே'. பாடியது தி எஃப்16ஸ். 2012இல் சென்னையில் தொடங்கிய இண்டி பேண்ட். சினிமாவுக்குப் பாடாமல், இங்கிலீஷில் சொந்தப் பாட்டு எழுதுகிற பையன்கள். 'லீவுல இருக்கேன்னு சொல்றதுக்கு ஒரு பாட்டாடா?' என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன். அன்று மட்டும் ஏழெட்டு முறை கேட்டேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. உலகம் முழுக்கப் புதுப் பாட்டுகள் வெளியாவது வெள்ளிக்கிழமை. அன்று ராத்திரி இண்டி பேண்டுகளின் புது சிங்கிள்களைத் தேடிக் கேட்பேன். பழைய வாசனை அடிப்பவை என்றால் கூடுதல் பிரியம். அந்த வாசனைக்கு ஒரு பெயர் இருக்கிறது: பவர் பாப். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967இல் தங்கள் இசையைப் பற்றிச் சொன்ன சொல் அது. மூன்று நிமிடம், உரக்க ஒலிக்கும் கிட்டார், உடனே வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டு, சேர்ந்திசைக்கும் குரல்கள். உள்ளே பார்த்தால் பெரும்பாலும் ஒரு வலி இருக்கும். மெம்ஃபிஸ் நகரத்தின் பிக் ஸ்டார் குழு 1972இல் தன் முதல் ஆல்பத்துக்கு 'நம்பர் 1 ரெக்கார்ட்' என்று பெயர் வைத்தது. விநியோகம் சொதப்பியதால் கேட்க நினைத்தவர்களுக்கே கடையில் தட்டு கிடைக்கவில்லை. பிறகு வந்த எத்தனையோ குழுக்கள் அந்தத் தோற்றுப்போன தட்டிலிருந்துதான் பாடம் படித்தன. எஃப்16ஸை இந்த ஒரே பெட்டிக்குள் அடைக்க முடியாது. ஆனால் முகத்தில் சிரிப்பும் அடியில் சோர்வுமாக அந்தப் பாட்டு எனக்குக் கேட்ட விதம், அதே குணம்தான்.

அப்போது எனக்கு வீட்டிலிருந்தே வேலை. அந்த வருஷமும் தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால் நீதிமன்றம் பேரியம் தடையை மறுபடி உறுதி செய்திருந்தது. தீபாவளி முடிந்து ஆபீஸ் லீவு. எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டேன்.

"ஏலே, இது பழைய பாட்டு மாதிரில்ல இருக்கு."

"புதுசும்மா. மெட்ராஸ் பசங்க."

"என்ன சொல்றான்?"

"லீவுல இருக்கேங்கான்."

அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "சம்பளத்தோடயா, சம்பளம் இல்லாமயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ரவிச்சந்திரன் வேலை கேட்டு ஆடுவான்ல, அந்தத் துள்ளல்தான் இது" என்றாள்.

1964இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'. வேலை பறிபோன ரவிச்சந்திரன், கூட்டாளிகளோடு பாலையாவின் பங்களா முன்னால் ஆடிப் பாடிப் போராடுவார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. நான் பத்து தடவையாவது பார்த்திருப்பேன். வேலை போனவனின் பாட்டு அது என்று அம்மா சொல்லும்வரை எனக்கு உறைத்ததே இல்லை. பீட்டில்ஸ் அமெரிக்காவுக்குப் போய் இறங்கிய அதே வருஷம், இங்கே ஒருவன் மேற்கத்திய தாளத்தில் இடுப்பை ஆட்டிக்கொண்டு வேலை கேட்டிருக்கிறான்.

ரெட்ரோ என்றால் யாரோ ஒருவருடைய பழசு, லண்டன்காரன் பழசு, மெம்ஃபிஸ்காரன் பழசு, நாம் கடன் வாங்கி ரசிக்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சென்னையில் என் அறைத் தோழன் பழைய தீப்பெட்டி லேபிள் படம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். விண்டேஜ் என்பான். எங்கள் தெருவில் தீப்பெட்டி இந்த வாரச் சம்பளம். அம்மாவும் அப்படித்தான் அந்தப் பாட்டைக் கேட்டாள். அதை எங்கேயோ தூரத்தில் வைத்து ரசிக்கவில்லை. தன் லீவோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் பிப்ரவரி 12 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அச்சன்குளத்துப் பட்டாசு ஆலையில் வெடித்து 20 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அம்மா ஆபீஸுக்குப் போகிற ஒவ்வொரு நாளும், எங்காவது 'டம்' என்று கேட்டால் நான் போனை எடுத்துவிடுவேன். லீவு நாளில் அந்தப் பயம் இல்லை. கையில் காசு இல்லை, ஆனால் அம்மா கண் முன்னால் உளுந்து புடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆபீஸ் சீக்கிரம் திறக்க வேண்டும் என்றும் திறக்கவே கூடாது என்றும் ஒரே நேரத்தில் நினைத்திருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. சந்தோஷமான மெட்டில் சோகத்தைச் சொல்லும் பாட்டுகள் ஏன் எனக்கு இவ்வளவு பிடிக்கின்றன என்று அன்றைக்குக் கொஞ்சம் புரிந்தது.

ஒரு ராத்திரி கணக்கப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அம்மா தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். முகத்தில் தெளிவு. வேன் ஹாரன் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினாள்.

"லீவு முடிஞ்சிருச்சுன்னு அந்தப் பயகிட்ட சொல்லிரு."

நான் சிரித்தேன். வேன் திரும்பும்வரை வாசலில் நின்றேன். உள்ளே வந்து பாட்டு எதுவும் போடவில்லை. சாயங்காலம் வரைக்கும் காதைத் திறந்தே வைத்திருந்தேன்.